பாதுகாப்புப் பாடவேளை

ஜூன் 3, திங்கள்

எங்கள் பள்ளி இன்று திறந்தது. மாணவர்கள் இரண்டு பேர். ஒன்பது வயது சம்யுக்தா, ஐந்து வயது பிரணவ். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, ஆயா, வாட்ச்மேன் நான்கும் நானே.

ஹாலின் ஒரு சுவருக்குக் கரும்பலகை பெயின்ட் அடித்தாயிற்று. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் பரிமளம் அக்கா மேலே வந்து பார்த்துவிட்டு, "ஏன் அம்முணி, சொவுத்த இப்படிக் கரியாக்கிப் போட்டியே" என்று மட்டும் சொன்னார். பழைய கட்டில் பலகையில் ஒரு நீள மேஜை. பிரணவ் எண்ணிப் பழகப் புளியங்கொட்டை, பட்டன், சோழி என்று தனித்தனி டப்பா. சம்முவுக்கு ஒரு தராசும் அளவுக் குவளைகளும். சாயப்பட்டறை ஆய்வகத்தில் கலவை பார்த்து வந்தவள் நான். அளந்து ஊற்றுவது என்றால் இன்னும் கை துறுதுறுக்கிறது.

மேஜையை முதலில் ஜன்னல் ஓரமாகத்தான் போட்டேன். நல்ல வெளிச்சம், வேப்பமரக் காற்று. ஆனால் ஜன்னலில் இருந்து தெரு தெரிந்தால் தெருவில் இருந்து ஜன்னலும் தெரியும். மதியத்துக்குள் மேஜையை உள்சுவருக்குத் தள்ளிவிட்டு டியூப் லைட் போட்டுக்கொண்டோம். ஜன்னலுக்குக் கெட்டித் திரை வாங்க வேண்டும்.

கால அட்டவணை சமையலறைக் கதவில். காலையில் தமிழ், கணக்கு. பிறகு மோர். மோருக்குப் பிறகு பாதுகாப்பு. சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், மாலையில் அறிவியலும் படம் வரைதலும். பாதுகாப்பு என்று ஒரு பாடம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. அந்தப் பள்ளிகளின் லட்சணம் அதிலேயே தெரிகிறது.

ஜூன் 4, செவ்வாய்

எழுத்துகளிலேயே ஃ மட்டும்தான் எழுதுவேன் என்கிறான் பிரணவ். மூன்று புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. பிழைக்கத் தெரிந்தவன்.

ஜூன் 6, வியாழன்

இவர் ஒடிசாவில் இருந்து பேசினார். பம்பு கம்பெனி ஒரு தண்ணீர்த் திட்டத்துக்காக அனுப்பி வைத்திருக்கிறது, ஆகஸ்டுக்கு முன்னால் வர முடியாது. "வசு, வீட்லயே படிக்க வெக்கறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாப் படிக்க வெப்பே. ஆனா எதுக்காக ஆரம்பிச்சோம்ங்கறத ஒருக்கா யோசிச்சுப் பாரு" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது. எதற்கும் இங்கே எழுதி வைக்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளி விடும் நேரத்துக்கு நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது, சம்மு கேட்டருகில் முன்பின் தெரியாத ஒருவனோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் அவன் கையில் இருந்தது. "சம்யுக்தா, நாலாவது பி செக்சன். அவங்கம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறான். பெயரும் தெரிந்திருக்கிறது, வகுப்பும் தெரிந்திருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவன் என்று நான் கத்தினேன். அவன் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினான். கூட்டம் அவன் பின்னால் ஓடியது. அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. சம்முவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பள்ளியில் ஒரு கதை தயாராக வைத்திருந்தார்கள். வேன் ஓட்டும் ரங்கசாமிக்குக் காய்ச்சலாம். அவருடைய மச்சான் அன்றைக்கு மட்டும் வேன் எடுத்து வந்தானாம். முந்தைய வருடம் சம்மு அந்த வேனில் போனவள் என்பதால் பழைய ஞாபகத்தில் அவள் பெயரையும் மச்சானிடம் சொல்லி அனுப்பிவிட்டாராம். அப்படியானால் அம்மா சொன்னாங்க என்று எதற்குச் சொன்னான் என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார்கள். தப்பு செய்யாதவன் எதற்கு ஓடுகிறான் என்று கேட்டேன். தலைமையாசிரியை என் முகத்தையே பார்த்தார்.

எனக்கு அந்தப் பாட்டில்தான் கண்ணிலேயே நிற்கிறது. அவளாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஜூன் 10, திங்கள்

வாசலில் புதுப் பூட்டு போட்டாயிற்று. கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருந்து குமிழைத் திருகினால் திறக்கும், வெளியில் இருந்து சாவி இல்லாமல் நடக்காது. "ஒரு சாவி எங்கிட்ட இருக்கட்டும் அம்முணி, ஆத்தர அவசரத்துக்கு" என்றார் பரிமளம் அக்கா. தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா நல்லவர்தான். ஆனால் யார் வந்து கேட்டாலும் உட்கார வைத்துக் காபி கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

பாதுகாப்புப் பாடம் நன்றாகப் போகிறது. வாசல் மணி அடித்தால் பென்சிலைக் கீழே வைக்க வேண்டும். நாற்காலியை இழுக்கக் கூடாது. பிரணவின் கையைப் பிடித்துக்கொண்டு சம்மு பின் அறைக்குப் போய், அங்கிருக்கும் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். நான் வெளியே நின்று மணியை அடிக்கிறேன், அவர்கள் செய்து காட்டுகிறார்கள். முதல் நாள் பிரணவ் சிரித்துக் காட்டிக்கொடுத்தான். இன்று சத்தமே இல்லை. காலியான வீட்டின் வாசலில் நிற்பது போலவே இருந்தது. எனக்குத் திருப்தி.

ஜூன் 14, வெள்ளி

சம்முவுக்குப் பின்னக் கணக்கு வந்துவிட்டது. தோசை மாவை அளந்து பிரிக்கச் சொன்னேன். முக்கால் குவளையை அரைக் குவளைக் கரண்டியால் எப்படி அளப்பது என்று தானாகவே கண்டுபிடித்தாள். பள்ளியில் ஒரு மாதம் முட்டி மோதியும் வராதது. வீட்டுப்பள்ளி அம்மாக்கள் குழுவில் போட்டோ போட்டேன். முப்பது பேர் கைதட்டினார்கள்.

அந்தக் குழுவை நடத்தும் சாருலதா தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். "டைம்டேபிள் அருமையா இருக்குது வசுமதி. அதென்ன தினமும் ஒரு மணி நேரம் பாதுகாப்பு? தீயணைக்கறது, முதலுதவி மாதிரியா?"

"ஆமா, அந்த மாதிரிதான்."

"சனிக்கெழமை பார்க்குக்குக் கூட்டிட்டு வாங்க. வீட்ல வெச்சுச் சொல்லிக் குடுக்கறதுன்னா வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கறதுன்னு இல்லீங்களே."

பார்க்கலாம் என்றேன். பூங்காவுக்கு நான்கு பக்கமும் வாசல்.

ஜூன் 19, புதன்

இந்த வாரம் முதல் ரகசிய வார்த்தை. திங்கட்கிழமைதோறும் மாற்றுவோம். யார் வந்து அம்மா சொன்னாங்க, அப்பா சொன்னாங்க என்று சொன்னாலும் வார்த்தை சொல்லாவிட்டால் கிட்டேயே போகக் கூடாது. இந்த வார வார்த்தை கம்மங்கூழ். பிரணவ் தேர்ந்தெடுத்தது.

ஜூன் 21, வெள்ளி

படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டேன். தம்பி தண்ணீரைக் கொட்டிவிட்டான் என்றாள் சம்மு. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு எப்போதாவது ஆகும்.

ஜூன் 25, செவ்வாய்

நேற்றுக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. யாருடைய குரலை வேண்டுமானாலும் இப்போது செல்போனிலேயே செய்துவிடலாமாம். அம்மாவின் குரலில் கூப்பிட்டால் குழந்தை கதவைத் திறக்காதா? அதைக் கேட்டுவிட்டுச் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன்.

இன்றைய பாதுகாப்புப் பாடத்தில் இதைச் சேர்த்தேன். என் குரல் கேட்டாலும் வார்த்தை சொல்லாவிட்டால் திறக்கக் கூடாது. சம்மு பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"அம்மா, யாராச்சும் உன்னப் புடிச்சு வெச்சுட்டு, அந்த வார்த்தையச் சொல்லுன்னு மெரட்டினா?"

என்ன கேள்வி. இது எனக்கே தோன்றவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். "அப்பிடி மெரட்டினா அம்மாவுக்கு அழுகை வந்துரும் இல்ல? அதுதான் அடையாளம். நான் அழுதுட்டே வார்த்தையச் சொன்னா நீ தொறக்கக் கூடாது."

"நீ தொற தொறன்னு கெஞ்சினாலும்?"

"கெஞ்சினாலும்."

"அப்ப உன்ன அவங்க என்ன பண்ணுவாங்க?"

அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். அவள் தலையாட்டினாள். மாலையில் அறிவியலுக்குப் பதிலாக முகங்கள் வரையச் சொன்னேன். அழும் முகத்தை நன்றாக வரைகிறாள்.

ஜூலை 2, செவ்வாய்

சம்மு அப்பளத்தை ரசத்தில் ஊற வைத்துச் சாப்பிடுகிறாள். நொறுக்கென்று கடித்தால்தானே ருசி என்றேன். சத்தம் வருமே என்றாள். பாடம் படிக்கச் சொன்னாலும் உதடு மட்டும் அசைகிறது. வாய்விட்டுப் படி என்று சொன்னால் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறாள். பொறுப்பான பிள்ளை. ஆனால் தமிழ் உச்சரிப்பைத் திருத்த வேண்டுமானால் எனக்குக் காது கேட்க வேண்டுமே.

ஜூலை 5, வெள்ளி

பயந்தது போலவே நடந்துவிட்டது. அவர்களுக்கு எங்கள் வீடு தெரிந்திருக்கிறது.

கணக்குப் பாட நேரம். மணி அடித்தது. பிள்ளைகள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார்கள். நான் கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தேன். வேன்கார ரங்கசாமி நின்றிருந்தார். பக்கத்தில் அவன். பிப்ரவரியில் கேட்டருகில் நின்ற அதே ஆள். மெலிந்திருந்தான். ஒரு கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க்கா, நான் வேன் ஓட்டற ரங்கசாமிங்க. மச்சானக் கூட்டிட்டு வந்திருக்கறனுங்க. தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு ஜனங்க அடிச்சதுல இவனுக்குத் தோள்பட்டை எறங்கிருச்சுங்க. அதுகூடப் பரவால்லீங்க. புள்ள புடிக்கறவன்னு ஊரே சொல்றதுல எவனும் வண்டி குடுக்க மாட்டீங்கறானுங்க. நீங்க ஸ்கூல்ல வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுமுங்க."

நான் மூச்சைக்கூட விடவில்லை. பின் அறைக்குப் போகாமல் சம்மு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "வேன் அண்ணாதாம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். பிரணவ் வேன் அண்ணா என்று கூப்பிட வாயெடுத்தான். பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். அவர்கள் மறுபடி மணியடித்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது.

நன்றாகத்தான் பேசுகிறார்கள். நல்லவர்கள் மாதிரிப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவார்கள். பரிமளம் அக்காதான் மேலே போகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாவியைக் கொடுக்காமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

சம்முவைக் கண்டித்தேன். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், யார் என்று பார்க்கக் கூடாது.

"தெரிஞ்சவங்களா இருந்தாலுமா?"

"தெரிஞ்சவங்கதான் ரொம்ப மோசம்."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகப்படியோ என்று தோன்றியது. ஆனால் திருத்தவில்லை.

ஜூலை 6, சனி

ஆகஸ்டுக்கு முன் வர முடியுமா என்று இவரிடம் கேட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

அவரை விதை முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. வெளிச்சம் போதாமல் தண்டு வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது. ஒளியும் தாவரமும் பாடத்துக்கு வசதியாகப் போயிற்று. பால்கனியில் கொண்டுபோய் வை என்று சம்முவிடம் சொன்னேன். நீயே வை என்றாள். கதவு வரைக்கும் வந்தாள், நிலையைத் தாண்டவில்லை.

குளிக்கும்போதும் குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, நான் வெளியே பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறாள். பேச ஒன்றும் இல்லாமல் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கே மறந்திருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

இந்த வார வார்த்தை வெண்டைக்காய்.

ஜூலை 20, சனி

வியாழக்கிழமை நடந்ததை எழுத இன்றுதான் கை வருகிறது.

ஆடி பிறந்ததில் இருந்து காற்று பேயாட்டம் ஆடுகிறது. பிள்ளைகள் பின் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். குக்கரில் பருப்பு வைத்துவிட்டுத் திரும்பினால் தூறல். மொட்டைமாடியில் துணி கிடந்தது. சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லை. இரண்டு நிமிட வேலைதானே என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன். துணியை அள்ளும்போது கீழே படாரென்று சத்தம் கேட்டது.

இறங்கி வந்து பார்த்தால் கதவு பூட்டிக்கொண்டிருந்தது. சாவி உள்ளே, செல்போன் உள்ளே. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கரன்ட் இல்லை, மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினேன். "சம்மு, அம்மா வெளிய மாட்டிக்கிட்டேன். வெண்டைக்காய்" என்றேன். பதில் இல்லை. உள்ளே எங்கோ தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். நான்தான் பழக்கினேன். குளியலறைக்குள் போய்விட்டார்கள். சாதாரணமாகப் பேசினால் அங்கே கேட்காது. சத்தமாகக் கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். குக்கர் விசில் அடித்தது. மறுபடி அடித்தது. அடுப்பை அணைக்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவை இரண்டு கையாலும் குத்தினேன். "வெண்டைக்காய் சம்மு, வெண்டைக்காய்" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அழுகிறேன் என்பது எனக்குத் தெரிந்த நொடியில் எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இனி அவள் திறக்க மாட்டாள். அழக் கூடாது, அழக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அழுதேன். நிறுத்த முடியவில்லை.

பரிமளம் அக்கா ஓடி வந்தார். "எதுக்கு இப்பிடிக் கத்தறே? சம்மு, அக்கா வந்திருக்கறேன், கதவத் தொற கண்ணு."

"தொறக்க மாட்டாக்கா."

"ஏன் தொறக்க மாட்டா?"

"நான் அழுதா தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பைத்தியமோ என்று பார்ப்பது போல இருந்தது. விசில் நின்றுவிட்டது. கதவிடுக்கு வழியாகக் கருகல் நாற்றம் வந்தது. "சாவி குடு சாவி குடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கி ஓடினார். பக்கத்து வெல்டிங் பட்டறையில் இருந்து இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். நான் விலகி நின்று, என் வீட்டுக் கதவை உடைக்கச் சொன்னேன். ஒவ்வொரு இடிக்கும் உள்ளே பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. நான் சொல்லிக் கொடுத்த அத்தனையும் வாசலுக்கு வந்துவிட்டது.

சமையலறையே தெரியாத அளவுக்குப் புகை. பட்டறை ஆள் ஒருவர் போய் அடுப்பை அணைத்தார். நான் குளியலறைக் கதவுக்கு ஓடினேன். கூப்பிட்டேன். உள்ளே ஒரு அசைவுகூட இல்லை. இதையும் உடைச்சறலாங்களா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி எல்லோரையும் கீழே அனுப்பினேன். அக்கா போகமாட்டேன் என்றார். கும்பிட்டு அனுப்பினேன்.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்தேன். மூக்கடைப்பு விட்டு, தொண்டை சரியாகும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, சாப்பிடாமல் விளையாடிக்கொண்டிருந்தால் தினமும் எந்தக் குரலில் அதட்டுவேனோ அந்தக் குரலில், "சோத்து நேரமாச்சு, ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க. வெண்டைக்காய்" என்றேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

மூலையில் சம்மு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பிரணவை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தியிருந்தாள். கையை எடுத்த பிறகும் அவன் கன்னத்தில் நகத்தடங்கள் இருந்தன, ஒன்றில் ரத்தம் கசிந்தது. மூச்சுக்குத் திணறியிருக்கிறான். அம்மா என்று கத்தப் பார்த்திருக்கிறான், அவள் விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள் சம்மு. பிறகு, "நான் சரியாச் செஞ்சனாம்மா?" என்றாள்.

சரியாச் செஞ்சே என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை தாங்கியிருக்காது.

ஜூலை 21, ஞாயிறு

இவர் வந்துவிட்டார். அக்கா போன் பண்ணியிருக்கிறார். உடைந்த கதவைப் பார்த்தார், பிரணவின் கன்னத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருந்துது வசு. அதனாலதான் ஒண்ணும் சொல்லாம வுட்டுட்டேன்" என்றார். மடியில் முகத்தைப் புதைத்து அழ வேண்டும் போல இருந்தது. சம்மு பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆள் மேல் தப்பில்லை, நான்தான் விசாரிக்காமல் கத்தினேன் என்று. அவருடைய பெயர் கூட இன்றுதான் தெரியும். சின்னராசு. திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் வரலாம் என்றார்கள்.

அப்படியே ரங்கசாமி வீட்டுக்கும் போனோம். சின்னராசு எழுந்து நின்றார். இவர்தான் பேசினார். பள்ளியில் சொல்லிவிட்டு வந்ததை மட்டும் நான் சொன்னேன். "நீங்க சொன்னதே போதுமுங்க" என்றார் சின்னராசு. என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

ஜூலை 25, வியாழன்

கதவுக்குத் தச்சர் சனிக்கிழமை வருவார். அது வரை வாசலில் போர்வை தொங்குகிறது. காற்றடித்தால் உப்பி உள்ளே வருகிறது. சம்மு நாள் முழுக்க அதைப் பார்த்த வாக்கில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜையை மறுபடி ஜன்னலுக்கு நகர்த்தினோம். பிரணவ் அங்கே உட்கார்ந்து தெருவில் போகிற மாடு, ஆட்டோ, நாய் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறான். சம்மு அந்தப் பக்கம் வருவதில்லை.

பாதுகாப்புப் பாடவேளையை அட்டவணையில் அடித்துவிட்டுப் பாட்டு என்று எழுதினேன். சம்மு வந்து பார்த்தாள்.

"அப்ப இனிமே யாரு பாத்துக்குவா?" என்று கேட்டாள்.

எதைக் கண்ணு என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

சீருடை இஸ்திரி போட்டேன். சம்முவின் பாவாடை இரண்டு விரல் குட்டையாகிவிட்டது. வெளியே ஒன்றும் பயமில்லை, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று காலையில் இருந்து நாலைந்து முறை அவளிடம் சொல்லிவிட்டேன். சரிம்மா என்கிறாள். கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்கிற மாதிரிச் சொல்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

இன்று காலை நடந்தது.

வேன் எங்கள் வீட்டு கேட்டருகில் வந்து நின்றது. ரங்கசாமி இறங்கி, "வாங்க சாமி, வாங்க" என்று கதவைத் திறந்து பிடித்தார். பிரணவ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டான். இவர் சம்முவின் பையை வாங்கி உள்ளே வைத்தார். பரிமளம் அக்கா வாசலில் நின்று டாட்டா காட்டினார். எல்லாம் எவ்வளவோ லட்சணமாக இருந்தது.

சம்மு என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, கேட் வரை வந்துவிட்டாள். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. நான் குனிந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "போயிட்டு வா கண்ணு. ஒரு பயமும் இல்ல. எல்லாரும் நம்ம ஆளுங்க" என்றேன். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்த வார்த்தைகள். பயமில்லை என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது. துடைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், ரங்கசாமியைப் பார்த்தாள். ஒரு கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு காதாகப் பேசினாள். பார்க்கிறவர்களுக்கு முத்தம் கொடுப்பது போலத்தான் இருந்திருக்கும்.

"யாரும்மா உன்ன மெரட்டறது? வாயத் தொறந்து சொல்ல வேண்டாம், அவங்களுக்குக் கேட்டுரும். ஆமான்னா என் கைய மட்டும் அழுத்து."

அவள் கையை நான் மாடிப்படியில் இருந்தே இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அவளும் அதைக் குனிந்து பார்த்தாள். நான் விடுவதற்குள் பார்த்துவிட்டாள்.

சம்மு அழவில்லை. வேன் பக்கம் திரும்பி, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "பிரணு, எறங்கி வா" என்றாள்.

பிரணவ் இறங்கி வந்தான்.